தம்பி வெலிங்டன் போகிறான், பயிற்சியில் நடந்த சிரிப்புக் கதை இருந்தால் சொல்லுங்களேன்

மஞ்சக்குப்பம் அக்கா:
என் தம்பி அக்னிவீரில் தேர்வாகிவிட்டான். மதராஸ் ரெஜிமெண்ட், நீலகிரியில் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி. ரிசல்ட் வரும்வரை விடிவதற்கு முன்னாடியே எழுந்து சில்வர் பீச்சில் ஓடியவன், இப்போது யூடியூபில் எதை எதையோ பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அம்மா அதற்கு மேல். "அங்கே பிள்ளையைப் படுத்தி எடுப்பாங்களாமே" என்று ஒரே புலம்பல். இன்ஃபன்ட்ரி (காலாட்படை) பயிற்சி முடித்தவர்கள், கடலூர், பாண்டிச்சேரி பக்கம் யாராவது இருந்தால், சிரிக்கிற மாதிரி நாலு விஷயம் எழுதுங்கள். ராத்திரி இரண்டு பேருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

பண்ருட்டி ஹவில்தார், ஓய்வு:
வாழ்த்துகள்மா. தம்பி நான் பயிற்சி எடுத்த சென்டருக்கே போகிறான், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நம் ஊர்ப் பையன்களுக்கு ஓட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. குளிர்தான். வெலிங்டன் கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். விடிகாலையில் பி.டி.க்கு ஃபால்-இன் என்றால் விசில் சத்தத்தோடு பல் தந்தியடிக்கிற சத்தமும் சேர்ந்து கேட்கும்.

எங்கள் பாரக்கில் நடந்தது ஒன்று. கட்டில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சும்மா இல்லை. கம்பளியை மடித்த மடிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுக்கிறவர், மொத்தத்தையும் இழுத்துக் கீழே போட்டுவிடுவார். பையன்கள் பார்த்தார்கள். ராத்திரியே கட்டிலைப் பக்காவாகப் போட்டுவிட்டு, கோட்டைப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன், கடைசியில் முழு பாரக்கும் அப்படித்தான். ஒருநாள் நடுராத்திரி உஸ்தாத் டார்ச்சோடு ரவுண்டு வந்தார். கதவைத் திறந்தால் கட்டில் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆள் ஒருத்தனும் இல்லை! பிளட்டூன் மொத்தமும் ஓடிப்போய்விட்டது என்று மனுஷன் விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், கட்டிலுக்கு அடியிலிருந்து வரிசையாகத் தலைகள் வந்தன. திருவண்ணாமலைப் பையன் ஒருத்தன் அவசரத்தில் எழுந்து, கட்டிலையும் தலையில் தூக்கிக்கொண்டே சாவ்தானில் (அட்டென்ஷனில்) நின்றான். உஸ்தாத் கோபப்படத்தான் பார்த்தார், முடியவில்லை. வெளியே போய் வராந்தாவில் நின்று சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து எல்லோரையும் திட்டினார்.

இன்னொன்று சென்ட்ரி டியூட்டி. இருட்டில் ஏதாவது அசைந்தால் "தம்! கோன் ஆதா ஹை?" (நில்! யார் வருவது?) என்று அதட்ட வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பையன் நிற்கிறான். பனிமூட்டம், பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. புதர் அசைகிறது. கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். 'புஸ்' என்று பெரிய மூச்சு. இவன் விடுவானா? "ஹாத் ஊபர்!" (கையைத் தூக்கு!) என்று போட்ட சத்தத்தில் கார்டு ரூமே எழுந்து ஓடியது. டார்ச் அடித்தால், ஆளுயரக் காட்டெருமை. வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் புல்லை மேய ஆரம்பித்தது. குன்னூர்ப் பக்கம் அதுகள் ரோட்டிலேயே நடமாடும். கார்டு கமாண்டர் ஒரு மலையாளி ஹவில்தார். தமிழும் மலையாளமும் இந்தியும் கலந்துதான் பேசுவார். "சென்ட்ரி செய்தது நூற்றுக்கு நூறு சரி. பாஸ்வேர்டு தெரியாமல் வந்தது எருமையோட தப்பு" என்றார். மறுநாள் பரேடில் எல்லோர் முன்னாலும் அவனுக்குச் சபாஷ், லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) ஒரு மக் டீ கூடுதலாக.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் ஒரே பாரக்கில் கிடக்கும். ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி, வாங்கின அன்றைக்கு ராத்திரிதான் சிரிப்பு அதிகம். சேர்ந்து சிரிக்கிற கும்பலில் தம்பியைச் சேரச் சொல்லுங்கள். மூலையில் தனியாக உட்காருகிற பையன்தான் வாடிப்போவான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு விஷயம். தம்பி ஓடுகிற அதே தேவனாம்பட்டினத்து செயிண்ட் டேவிட் கோட்டைக்குத்தான் 1748-ல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு ஒழுங்காகக் கவாத்து பழக்க ஆரம்பித்தார். நம் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758 என்று கணக்கு வைக்கிறது. நம் ஊர் மண்ணுக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு.

முத்தியால்பேட்டை பேரன்:
ஹவில்தார் ஐயா, கம்பெனிக்காரனுக்கு முன்னாடியே எங்கள் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் சிப்பாய் சேர்த்துக் கவாத்து பழக்கிவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுங்கள்!

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பயிற்சியின்போது லாரி ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதாம். சார்ஜென்ட் எண்ணிக்கை சொல்லித் தள்ளச் சொல்ல, ஆளுக்கொரு பக்கம் தள்ளி, லாரி அசையவில்லை. பாண்டிச்சேரிப் பையன்கள் நாலு பேர் "ஏலேலோ, ஐலசா" என்று வலை இழுக்கிற கணக்கில் ஒரு தம் பிடித்தார்கள், லாரி மேலே ஏறிவிட்டது. அன்றிலிருந்து எதைத் தூக்குவதானாலும் அந்த வெள்ளைக்கார சார்ஜென்ட்தான் முதலில் "ஐலசா!" என்று கத்துவாராம். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போகும்போதெல்லாம் தாத்தா இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

மஞ்சக்குப்பம் அக்கா:
கட்டிலோடு எழுந்து நின்ற கதைக்கு அம்மா சிரித்துவிட்டார்கள்! தம்பி இப்போதே கம்பளி மடித்துப் பார்க்கிறான். ஐயா, பயிற்சி முடியும்போது நாங்கள் வரலாமா?

பண்ருட்டி ஹவில்தார், ஓய்வு:
கட்டாயம் வாருங்கள்மா. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கிற கசம் பரேடுக்குப் பெற்றோரை அழைப்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் மலை ரயில் வெலிங்டனிலேயே நிற்கும், டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுங்கள். வரும்போது நம் ஊர் முந்திரி கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவாருங்கள், தம்பி பங்கு கேட்க ஒரு பிளட்டூன் நிற்கும்.