எந்தப் பள்ளி என்று எங்களுக்குள் சண்டை, நடுவில் பிள்ளை

சிப்புட் அம்மா:
வணக்கம். நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. நான் பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். மூத்தவன் அடுத்த வருடம் முதலாமாண்டு. எனக்குத் தமிழ்ப்பள்ளி, அவருக்கு மலாயில் நடக்கும் தேசியப் பள்ளி. பேச்சை எடுத்தாலே வீட்டில் சத்தம்தான்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய் போதாமல், இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்கு முன்னால் வரும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவர். கூடப் படித்தவர்கள் படிவம் 2 போனபோது இவர் படிவம் 1. அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எனக்கோ, என் பிள்ளை தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்வதை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

இப்போது பயம் பையனைப் பார்த்துத்தான். என்னிடம் "தமிழ் ஸ்கூலுக்குப் போறேம்மா" என்கிறான். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்ததும் அவரிடம் போய் "எனக்கு மலாய் ஸ்கூல்தான் வேணும்" என்கிறான். எங்கள் குரல் கொஞ்சம் ஏறினால் தங்கையை இழுத்துக்கொண்டு போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். பலகைச் சுவர் வீடு, அறைக்குள் போய்ப் பேசினாலும் எல்லாம் கேட்கும். இதை எப்படி நிறுத்துவது?

கூலிம் அப்பா:
தங்கச்சி, "உனக்கு எந்த ஸ்கூல் வேணும்?" என்று பையனிடம் கேட்பதை இரண்டு பேரும் இன்றோடு விடுங்கள். எதைச் சொன்னாலும் ஒருத்தர் முகம் வாடும் என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் இந்த மாதிரிப் பேச்சுக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு ஒட்டுக்கடைக்கு, ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவோம். பக்கத்து மேசையில் ஆள் இருந்தால் குரல் தானாக இறங்கும். ஷிப்ட் முடிந்து வந்த கையோடு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் கெட்டு வந்தவன் காதில் எது சொன்னாலும் குற்றம் சொல்வது போலத்தான் விழும்.

பீடோர் டீச்சர்:
நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் விருப்பம் எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். ஆனாலும் அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குத் தமிழ்மேல் பற்றில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பட்டது அப்படி. புகுமுக வகுப்பு தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் கிடையாது, மலாய்மொழியில் அடைவு போதாதவர்களுக்குத்தான். அதனால் "நம்ம பிள்ளை மலாய்க்கு என்ன செய்யலாம்?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். வீட்டில் மலாய்க் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவது அப்பா பொறுப்பாக இருக்கட்டும். அவர் பயத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுத்தால் பேச்சின் தொனியே மாறும்.

அதேபோல, தேசியப் பள்ளி என்றால் தமிழ் அதோடு போய்விட்டது என்றும் இல்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க 1996 கல்விச் சட்டத்தில் இடமிருக்கிறது. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்விலும் தமிழ் எடுக்கலாம். ஆனால் ஆசிரியர் கிடைக்க வேண்டும், பெற்றோர் விடாமல் கேட்க வேண்டும். நேரில் போய் விசாரியுங்கள்.

வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். வீட்டில் சண்டை நடந்த மறுநாள் எழுத்து ஓடாது. பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும். எழுதிய ஒரு வரியையும் தாள் கிழிகிற வரை அழிக்கும். என்னடா என்று கேட்டால் "ஒன்னும் இல்ல டீச்சர்". அந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதெல்லாம் அப்புறம்.

முடிவானதும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் சொல்லுங்கள். "அம்மா அடம்பிடிச்சாங்க, அப்பா விட்டுக்கொடுத்தாரு" என்ற பேச்சே வேண்டாம். பாட்டி வீட்டிலும் அதே கதைதான் போக வேண்டும்.

சிப்புட் அம்மா:
ரொம்ப நன்றி. டீச்சர் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். புகுமுக வகுப்பு பற்றி வந்த இடத்தில், "இன்னொரு தடவை படி" என்றார். அடுத்த வாரம் அவருக்கு மதிய ஷிப்ட். காலையில் இரண்டு பள்ளிக்கும் சேர்ந்தே போய்ப் பார்க்கிறோம், பிள்ளைகள் பாலர் பள்ளியில் இருக்கும் நேரத்தில்.

டீச்சர், இன்னும் ஒன்று. தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் பெற்றோர் கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால் போதுமா, இல்லை மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் போக வேண்டுமா?