புரோட்டீன் பவுடரா, சுண்டலா: வயிற்றைப் படுத்துவது எது?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
ஊர் சேலம், வயது 46, எடை 64 கிலோ. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு வரை கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை. நடை என்றால், பொரித்த தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் கடை வரைக்கும்தான். போன மாதம் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. "மாத்திரை வேண்டாம், சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்க" என்றார் டாக்டர். எவ்வளவு, எதில் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜிம்முக்குப் போகும் அக்கா மகன் ஒரு டப்பா வே புரோட்டீன் கொண்டுவந்தான். காலையும் இரவும் ஒரு கரண்டி, பாலில் கலக்கி. மதியம் சோற்றுக்குப் பதில் பெரிய கிண்ணம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். பொரியலும் போச்சு, சோறே இல்லாமல் அதை எதோடு சாப்பிடுவது?

மூன்றாம் நாளே வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. மலச்சிக்கல் வேறு. நெருப்பு வேலை, ஃபேனும் போட முடியாது. பக்கத்தில் உட்காருபவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலோரம் மாறிவிட்டார். தயிர், காபி ஒத்துக்கொள்ளும். பால் ஒரு டம்ளர் குடித்தால் மட்டும் சின்ன வயதிலிருந்தே கடமுடா. புரதமே எனக்கு ஆகாதோ?

அம்மாபேட்டை அக்கா:
தம்பி, நான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைப் பிரிவில் இருப்பவள். பால் ஆகாது என்று நீங்களே எழுதிவிட்டு, பாலிலிருந்தே எடுத்த பொடியைப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறீர்கள்! வே என்பது பாலைத் திரியவைத்தால் பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பது. விலை குறைந்த வகையில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிச்சம் இருக்கும். தயிரில் அதைக் கிருமிகள் கொஞ்சம் தின்றுவிடுவதால் தப்பித்தீர்கள்.

கெட்ட நாற்றம் இருந்தால் காரணம் இன்னொன்று. சிறுகுடலில் செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போகும். அங்கிருக்கும் நுண்ணுயிரிகளுக்கு நார்ச்சத்து கிடைத்தால் குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தரும். நார் குறைந்தால் புரதத்தை உடைத்து அம்மோனியா, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்று விடும். ஆக, பொரியலை நிறுத்தியதும் தப்பு.

கணக்கு பெரிதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), உங்களுக்கு 53 கிராம். முட்டை இரண்டில் 12, ஊறப்போடும் முன் 50 கிராம் கடலையில் 10, 30 கிராம் துவரம்பருப்பில் 7, ஒரு டம்ளர் தயிரில் 6. மிச்சம் இட்லியிலும் சோற்றிலுமே வந்துவிடும். ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கே வேறு.

ஏற்காட்டுக்காரன்:
டப்பாவைத் தூக்கிப் போடுங்க. லீ பஜாரில் கொள்ளு வாங்கிக் கடைந்து சாப்பிடுங்க. எங்க தாத்தா எந்தப் பவுடரைக் கண்டார்?

அம்மாபேட்டை அக்கா:
கொள்ளு நல்லதுதான் அண்ணா, நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம். ஆனால் கடலையில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரை கொள்ளிலும் இருக்கிறது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டி வேகவைத்தால் குறையும். கைப்பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். முட்டையையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறுவதும் தணியும்.

அப்புறம், விரதம் என்று ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுவீர்களா? நம்ம ஊர்ப் பெருமைதான், ஆனால் அத்தனையும் மாவுச்சத்து. ஒரு கிண்ணம் தயிராவது கூட வையுங்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
இரண்டு வாரம் ஆச்சு அக்கா. டப்பா அக்கா மகனிடமே திரும்பிப் போய்விட்டது. கிரியாட்டினின் 0.9, நார்மல்தான். மதியம் அவரைக்காய்ப் பொரியல், முட்டை, அப்புறம் பாதிச் சோறு. முளைகட்டிய கடலை காலையில் ஒரு கைப்பிடி. வயிறு இறங்கிவிட்டது, ஜன்னலோரம் போனவரும் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். சர்க்கரையை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்கப்போகிறேன். தட்டுவடை செட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.