சாடோவ்ஸ்கிக்கு ஸ்டிங்ரேயும் 5 ஆயிரம் வெள்ளியும்: மாற்றலாமா?

செந்தூல்_5தந்தி

அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேண்டும். என்னிடம் மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 என்ற ஐந்து தந்தி பாஸ் கிட்டார் இருக்கிறது, பத்து வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான். கல்யாண விருந்து, திருவிழா மேடை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் எல்லாம் அதிலேயே ஓடுகிறது. நெக்கில் (கழுத்துக் கட்டையில்) வார்னிஷ் கிடையாது, எண்ணெயும் மெழுகும் மட்டும்தான், என் கை வியர்வையில் கறுத்து இப்போது அம்மிக் குழவி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆசை யாரை விட்டது.

பினாங்கு தஞ்சோங் தோகோங்கில் ஒரு பெரியவர், ஒரு காலத்தில் ஹோட்டல் பேண்டில் வாசித்தவராம், தன்னுடைய 5 தந்தி சாடோவ்ஸ்கி பாஸைத் தருகிறேன், உன் ஸ்டிங்ரேயோடு மேலே 5 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடு என்கிறார். மூன்று வருடமாகப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். ஒரு நிமிட வீடியோ அனுப்பினார், அதில் கை ஐந்தாவது ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) தாண்டவே இல்லை, நடுவில் ஒரு குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வேறு. கேட்டால் "அது பேட்டரி தம்பி" என்கிறார். கூரியரில் அனுப்பி மாற்றிக்கொள்வோமே என்கிறார்.

5 ஆயிரத்தில் பாதி சீட்டு எடுத்த காசு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எண்பதுகளின் பாட்டுகளுக்கு வேண்டிய அந்த உருண்டையான சத்தம் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்) உள்ள ஜாஸ் பாஸ் வகையில்தான் கிடைக்கும் என்று மனசு சொல்கிறது. போகலாமா, வேண்டாமா?

கெப்போங்_வாத்தியார்

எந்த சாடோவ்ஸ்கி? அதைக் கேட்டாயா இல்லையா? பாஸின் தலையில் அந்தப் பெயர் இருந்தாலே ஒரே விலை என்று நினைத்துவிடாதே.

ரோஜர் சாடோவ்ஸ்கி 1979இல் நியூயார்க்கில் பட்டறை போட்டவர், பாஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பாஸுக்குள் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடும் ஒலிச் சுற்று) வைத்துக் கொடுத்தவர். அந்த நியூயார்க் பட்டறையில் செய்தது ஒரு விலை. 2003 முதல் ஜப்பானில் செய்த மெட்ரோ வேறு விலை. 2020இல் இருந்து ஜெர்மனியில் வார்விக் செய்யும் மெட்ரோலைன் தனி. மெட்ரோ எக்ஸ்பிரஸ் இதற்கெல்லாம் கீழே, அதுவாக இருந்தால் உன் ஸ்டிங்ரே ஒன்றே அதைவிட மேல், 5 ஆயிரத்தை நீ அவரிடம் கேட்க வேண்டியிருக்கும். நியூயார்க் என்றால் அவர் கேட்பது கொள்ளை மலிவு, அப்போது ஏன் இவ்வளவு மலிவு என்று யோசிக்க வேண்டும்.

தலையின் முன்பக்கம், பின்பக்கம், வரிசை எண், முதலில் வாங்கிய ரசீது, எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். அனுப்பத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.

பட்டர்வொர்த்_ஃப்ரெட்காரன்

தம்பி, வாத்தியார் சொன்னது பெயரைப் பற்றி. நான் நெக்கைப் பற்றிச் சொல்கிறேன், நம் ஊரில் காசு போவதும் மிஞ்சுவதும் அங்கேதான்.

இங்கே வெளியில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ராத்திரி ஏர்கோன் போட்டால் அறைக்குள் 55க்கு இறங்கும், காலையில் அணைத்தால் மறுபடி ஏறும். ஈரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தை வாட்டுகிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தப்பு, ரொம்பக் காய்ந்தால் பலகை சுருங்கி ஃப்ரெட் நுனி வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஐம்பதை ஒட்டி, ஆடாமல் இருந்தால் போதும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள் போடு, பத்து இருபது வெள்ளிதான்.

நேரில் போனால் முதலில் செய்ய வேண்டியது இது. டியூன் செய். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்து. எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார், ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்து நின்றால் சரி, சுமார் 0.3 மில்லிமீட்டர். இரண்டு மூன்று அட்டை நுழைகிறது என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. வளைந்ததற்காகப் பயந்து ஓடிவராதே. மூன்று வருடம் கட்டிலுக்கடியில் டியூனைத் தளர்த்தாமல் கிடந்தால் எந்த நெக்கும் வளையலாம். ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இன்னும் திரும்புகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் கேட்டுவிட்டு, பொருந்துகிற சாவியைப் போட்டு, வலப்பக்கமாகக் கால்வாசிச் சுற்று திருப்பு. பத்து நிமிடம் பொறு. தேநீர் குடி. மறுபடி அளந்து பார். இடைவெளி குறைந்தால் ஆரோக்கியமான நெக். ஏற்கெனவே இறுக்கமாக முட்டி நிற்கிறது, நெக்கும் வளைந்தே இருக்கிறது என்றால் அந்த பாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடு.

அப்புறம், தலைப்பக்கத்தில் இருந்து நெக் நெடுகக் கண்ணை வைத்துப் பார். தடித்த பி கம்பியின் பக்கமும் மெல்லிய ஜி கம்பியின் பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கியிருந்தால் ட்ரஸ் ராட் அதைச் சரிசெய்யாது.

ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதாவது ஒரு சுரம் சட்டென்று அணையும். அதை வைத்து விலை பேசாதே, ஜாஸ் வகையில் இது ரொம்ப சகஜம், உன் கை பழகிவிடும்.

கரகர சத்தத்துக்கு: சாடோவ்ஸ்கியில் வழக்கமாக டோன் குமிழை மேலே இழுத்தால் ப்ரீஆம்ப் விலகிவிடும். இழுத்த பிறகும் வால்யூம் குமிழ் கரகரத்தால் உள்ளே அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் போதும். இழுத்ததும் சத்தம் போய்விட்டால் கோளாறு பேட்டரியில், அல்லது ப்ரீஆம்பில். புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போ. பழைய பேட்டரி கசிந்து கிளிப் பச்சை பிடித்திருந்தாலும் பயப்படாதே, அது பத்து வெள்ளி வேலை.

கூரியரில் மட்டும் வேண்டாம். என்னிடம் தலை முறிந்து வந்த பாஸ்களைப் பார்த்தவன் நான், பெட்டிக்கு மேல் கீறல்கூட இருக்காது. உள்ளே தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள்.

பழைய_கல்யாண_பேண்டு

எல்லாரும் தம்பியை ஏற்றிவிடுகிறீர்கள். கல்யாண மண்டபத்தில் பாஸ் என்ன பிராண்டு என்று யாருக்குத் தெரியும்? என்னை ஒரு மாப்பிள்ளை வீட்டார் "பாஸ், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்று கூப்பிட்டார், அவர் சொன்ன பாஸ் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) தே தாரிக் டீ கேட்கும்போது சொல்கிற பாஸ், முதலாளி என்கிற பாஸ்!

உனக்கு உருண்டையான சத்தம்தானே வேண்டும்? ஸ்டிங்ரேயில் ஒரு செட் ஃபிளாட்வவுண்டு கம்பி (மேல் சுற்று தட்டையாக, வழவழப்பாக இருக்கும்) போடு, ட்ரெபிளைக் குறை, பிரிட்ஜ் (கம்பிகள் முடியும் அடிப்பகுதி) பக்கம் பஞ்சு வை. இருநூறு முந்நூறு வெள்ளியில் முடிகிற வேலை. கம்பி வருடக்கணக்கில் வரும், வியர்வையும் அவ்வளவு ஏறாது. ஒரு மாதம் வாசித்துப் பார். அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் போகாதே, பாஸ் பெட்டியை எந்தக் கட்டிலுக்கு அடியிலும் ஒளிக்க முடியாது.

செந்தூல்_5தந்தி

போய்விட்டு வந்தேன். முதலில் வீட்டில் சொன்னேன் (அது தனிக் கதை, இரண்டு நாள் ஓடியது). வாத்தியார் கேட்கச் சொன்ன படங்கள் வந்தன: ஜப்பான் மெட்ரோ, ரசீதும் இருக்கிறது. பெரியவர் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. அப்போதே 5 ஆயிரம் 3 ஆயிரமாக இறங்கியது.

சனிக்கிழமை கேஎல் சென்ட்ரலில் இருந்து ஈடிஎஸ் ரயில், பட்டர்வொர்த் போக நாலு மணி நேரத்துக்கு மேல், ஸ்டிங்ரே மடியில்தான். ஃபெர்ரி ஏறி அந்தக் கரையில் கிராப் டாக்சி பிடித்தேன். பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையும் கடல் ஈரமும் கலந்த ஒரு வாசம். அட்டை வைத்துப் பார்த்தேன், மூன்று நுழைந்தது. அவரே சாவி எடுத்து வந்தார். கால் சுற்று. அவர் வீட்டம்மா பசியாறச் சொன்னார், தோசை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டு அட்டை. இன்னொரு கால் சுற்று, ஒன்றரை. முறுக்கல் இல்லை.

பேட்டரி அறையைத் திறந்தால் ஃப்ரெட்காரன் அண்ணன் சொன்ன அதே பச்சை. புது பேட்டரி வைத்தும் கரகரத்தது, கிளிப்பைத் தேய்த்த பிறகு நின்றது. இதற்காக இன்னும் 300 குறைத்தார், நான் கேட்கவே இல்லை. பிறகு என் ஸ்டிங்ரேயை எடுத்து மடியில் வைத்தார், வலக்கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை, இரண்டே விரலால் ஒரு பதினைந்து நிமிடம் வாசித்தார். நெக்கைத் தடவிப் பார்த்து "இதைத் தேய்த்துச் சுத்தம் பண்ணிவிடாதே என்று சொல்ல நினைத்தேன், இனிமேல் என்னுடையது அல்லவா" என்று சிரித்தார்.

ஆக, ஸ்டிங்ரேயும் 2,700 வெள்ளியும். ஃப்ரெட்காரன் அண்ணே, பி கம்பி பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கொஞ்சம் தட்டுகிறது. பட்டர்வொர்த்தில் இறங்கியபோதே உங்களிடம் கொண்டுவந்திருக்கலாம், அவசரத்தில் ரயில் ஏறிவிட்டேன்.

பட்டர்வொர்த்_ஃப்ரெட்காரன்

இன்னும் ஒரு வாரம் எதையும் தொடாதே. நெக் இப்போதுதான் கடற்கரையில் இருந்து செந்தூலுக்கு வந்திருக்கிறது, தானாக ஒரு இடத்தில் நிற்கட்டும். அதுவரை டியூனிலேயே வை, வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்று, செருகியே வைத்தால் பேட்டரி சீக்கிரம் காலி. அடுத்த ஞாயிறு மறுபடி அட்டை வைத்துப் பார்த்துவிட்டு எழுது, தட்டினால் சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) தூக்குவோம்.