811ஏ லீனியரில் 17, 12 மீட்டர் பேண்டுகளைச் சேர்த்தபின் பவர் குறைகிறது, பிளேட் சோக் கருகுகிறது: உதவி தேவை

கேள்வி (திருநெல்வேலி)

ஹாம் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இரண்டு 811ஏ வால்வுகளை இணையாக வைத்து, கிரிட்டை நேரடியாக சேசிஸில் எர்த் செய்து கட்டிய லீனியர் (டிரான்சீவரின் பவரைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வெகு காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பொது நிலை உரிமத்தின் 400 வாட் வரம்புக்குள் நிற்கும்படி பிளேட்டில் 1200 வோல்ட், முழு லோடில் 330 மில்லியாம்ப் என்ற அளவில் ஓட்டுகிறேன். 80, 40, 20, 15 மீட்டர்களில் ஒரு குறையும் இல்லை. 20 மீட்டரில் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனை லோடு) 240 வாட் வருகிறது.

2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆம் சூரியச் சுழற்சியில் மேல் பேண்டுகள் நன்றாகத் திறந்ததைக் கேட்டபின், 17, 12 மீட்டர்களையும் இந்த லீனியரில் சேர்க்க விரும்பினேன். பழைய நான்கு நிலை பேண்ட் ஸ்விட்சை எடுத்துவிட்டு ஆறு நிலை செராமிக் ஸ்விட்ச் பொருத்தினேன். பிளேட் லோடை 2270 ஓம் என்றும், கியூவை (டேங்க், அதாவது பிளேட் பக்க டியூனிங் சர்க்யூட்டின் தரக் காரணி) 12 என்றும் வைத்துக் கணக்கிட்டு, டேங்க் காயிலில் 17 மீட்டருக்கு 1.86 மைக்ரோஹென்றியிலும் 12 மீட்டருக்கு 1.35 மைக்ரோஹென்றியிலும் டேப் (காயிலின் இடையில் ஓர் இணைப்பு) எடுத்தேன்.

17 மீட்டரில் 190 வாட்தான் வருகிறது. 12 மீட்டரில் டியூன் கண்டென்சரை முழுவதும் திறந்தாலும் பிளேட் கரண்ட் டிப் ஆகவில்லை (டியூன் ஆனதைக் காட்டும் இறக்கம் வரவில்லை). 70 வாட்டுக்கு மேல் ஏறவில்லை. அதோடு, சில வினாடிகளிலேயே பிளேட் சோக்கின் (பிளேட்டுக்கு டிசியை விட்டு, ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்தைத் தடுக்கும் காயில்) மேல்முனைச் சுற்றுகளில் எனாமல் கருகிப் புகை வந்துவிட்டது. டிரான்சீவரும் 12 மீட்டரில் தன் பவரைத் தானே குறைத்துக்கொள்கிறது. டியூன் கண்டென்சர் பழைய டிரான்ஸ்மிட்டரிலிருந்து எடுத்த இரட்டை கேங் (ஒரே தண்டில் இரண்டு பகுதிகள்). ஒவ்வொன்றும் 150 பைக்கோஃபாரட், இரண்டையும் இணையாக இணைத்திருக்கிறேன். சோக், பேக்லைட் குழாயில் ஒரே அடுக்காகச் சுற்றிய 100 மைக்ரோஹென்றி. டேப் எடுத்த இடத்தில் தவறு இருக்குமா, அல்லது புதிய ஸ்விட்ச் காரணமாக இருக்குமா?

பதில் (கோயம்புத்தூர்)

தம்பி, முதலில் ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிடுகிறேன். 1200 வோல்ட்டில் ஏறி நிற்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் ஓர் உயிரை எடுக்கப் போதுமானவை. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, பிளீடர் ரெசிஸ்டர் (கண்டென்சரை மெல்ல டிஸ்சார்ஜ் செய்யும் ரெசிஸ்டர்) வேலை செய்திருக்கும் என்று நம்பிவிடாமல், மீட்டரில் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து, அதன்பிறகு எர்த் செய்த கம்பியைப் பேக்லைட் கோலால் பிடித்து எச்டி (உயர் மின்னழுத்த) முனையில் தொட்டுவிட்டு, வேலை முடியும்வரை அந்தக் கம்பியை அங்கேயே மாட்டி வையுங்கள்.

உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு கேட்கிற கபாசிட்டன்ஸ் உங்கள் பெட்டிக்குள் கிடைக்கிறதா என்பதுதான் பிரச்சினை. 12 மீட்டரின் 24.94 மெகாஹெர்ட்ஸில் கியூ 12க்கு, பிளேட் பக்கம் மொத்தமே 34 பைக்கோஃபாரட்தான் இருக்க வேண்டும். 811ஏயின் கிரிட்-பிளேட் கபாசிட்டன்ஸ் 5.6 பைக்கோஃபாரட், கிரிட் எர்த் ஆகியிருப்பதால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 11 பைக்கோஃபாரட் நிரந்தரமாக டேங்கின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. இதோடு பிளேட் கேப், வயர், சேசிஸ் ஆகியவற்றின் சிதறல் கபாசிட்டன்ஸும், இரண்டு கேங்கையும் முழுவதும் திறந்த நிலையில் மிஞ்சுவதும் சேர்ந்தால் 34ஐ எளிதில் தாண்டிவிடும். அப்போது 1.35 மைக்ரோஹென்றி டேப்பில் டேங்க் 12 மீட்டர் அலைவரிசைக்குக் கீழேயே ரெசொனன்ஸ் (ஒத்ததிர்வு) ஆகி நின்றுவிடுமாகையால், கண்டென்சரைத் திறந்துகொண்டே போனாலும் டிப் வராது. சோக்கையும் டேங்க் காயிலையும் கழற்றிவிட்டு, வால்வுகள் சாக்கெட்டில் இருக்கும்போதே, பிளேட்டிலிருந்து சேசிஸுக்கு எவ்வளவு இருக்கிறது என்று எல்சி மீட்டரில் அளந்து சொல்லுங்கள்.

பதில் (சென்னை)

ஐயா சொன்னது டிப் வராததற்குக் காரணம். சோக் கருகியதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஒரே அடுக்காக நீளமாகச் சுற்றிய சோக், தன் சிதறல் கபாசிட்டன்ஸோடு சேர்ந்து சில அலைவரிசைகளில் சீரீஸ் ரெசொனன்ஸ் ஆகும். அந்த அலைவரிசையில் அது சோக்காகவே இருக்காது. பிளேட்டுக்கும் எர்த்துக்கும் இடையே ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்) பாய்வதற்கு ஒரு குறுக்குவழியாகிவிடும். 80, 40, 20, 15 மீட்டர்களுக்காகச் சுற்றியவர் அந்த நான்கிலும் விழாதபடி பார்த்திருப்பார். 18, 24 மெகாஹெர்ட்ஸ் (17, 12 மீட்டர்) பட்டைகளை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது 1979இல் ஜெனீவாவில் நடந்த உலக நிர்வாக வானொலி மாநாடு. அதற்கு முந்தைய வடிவங்களைப் பார்த்துக் கட்டிய பல லீனியர்களில் சோக்கின் ரெசொனன்ஸ் சரியாக இந்த இடைவெளிகளில்தான் ஒளிந்திருக்கும். பழைய பேண்டுகளில் எத்தனை ஆண்டுகள் ஓட்டினாலும் அது தெரியவே தெரியாது.

சோதிக்கும் முறை இது. மின்சாரம் இல்லாத நிலையில் சோக்கின் இரு முனைகளையும் சர்க்யூட்டிலிருந்து கழற்றுங்கள், ஆனால் சோக்கை அது நிற்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டாம். பக்கத்துத் தகடு விலகினாலே ரெசொனன்ஸ் நகர்ந்துவிடும். இரு முனைகளையும் தடித்த வயரால் ஷார்ட் செய்துவிட்டு, டிப் மீட்டரின் (ரெசொனன்ஸ் வரும் இடத்தில் இறங்கிக் காட்டும் மீட்டர்) காயிலையோ, நானோவிஎன்ஏயில் (அலைவரிசை வாரியாக அளக்கும் சிறு கருவி) மாட்டிய சிறு லூப்பையோ சோக்கின் அருகில் காட்டி 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் தேடுங்கள். டிப் எங்கெல்லாம் விழுகிறதோ அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டையும் அளந்தேன். பிளேட்டிலிருந்து சேசிஸுக்குக் குறைந்தபட்சம் 57 பைக்கோஃபாரட் இருக்கிறது. சோக்கில் 24.6 மெகாஹெர்ட்ஸில் ஆழமான டிப் ஒன்று விழுகிறது. மற்றவை எந்தப் பேண்டுக்கும் அருகில் இல்லை. பழைய நான்கு பேண்டுகளிலும் ஏன் தொல்லை தரவில்லை என்பது இப்போது புரிகிறது. இனி எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில் (கோயம்புத்தூர்)

57 பைக்கோஃபாரட்டோடு காயிலை மட்டும் குறைத்து 12 மீட்டரில் டியூன் செய்ய முடியும், 0.8 மைக்ரோஹென்றி அளவில் டிப்பும் வந்துவிடும். ஆனால் கியூ 20ஐத் தொடும். 240 வாட்டில் டேங்குக்குள் சுற்றும் கரண்ட் கிட்டத்தட்ட 6.6 ஆம்ப் ஆகிவிடும். காயிலும் ஸ்விட்ச் காண்டாக்டும் சூடாகும். ஆகவே அந்த வழியில் போக வேண்டாம்.

இரண்டு கேங்கையும் எப்போதும் இணைத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. 40 மீட்டருக்கு 118 பைக்கோஃபாரட் போதும். அதை ஒரே கேங்கும் சிதறலும் சேர்ந்து தந்துவிடும். இரண்டாவது கேங் தேவைப்படுவது 80 மீட்டருக்கு மட்டுமே. ஆகவே பேண்ட் ஸ்விட்சில் ஒரு தனி காண்டாக்ட் வழியாக, 80 மீட்டர் நிலையில் மட்டும் அது சேரும்படி செய்யுங்கள். அந்த காண்டாக்ட் முழு ஆர்எஃப் வோல்டேஜையும் தாங்க வேண்டியதால் மெல்லிய வேஃபர் ஸ்விட்ச் இங்கே உதவாது. இரண்டாவது கேங் விலகியதும் குறைந்தபட்சம் 38 பைக்கோஃபாரட் அளவுக்கு இறங்கினால், 12 மீட்டரில் கியூ 13.5க்குள் அடங்கிவிடும், சுற்றும் கரண்ட்டும் 4.4 ஆம்ப்புக்கு இறங்கும். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சூடு பாதிக்கும் கீழே போய்விடும்.

டேப்பை 1.2 மைக்ரோஹென்றிக்கு மாற்றுங்கள். காயிலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் வயரின் நீளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 10 சென்டிமீட்டர் வயரே ஏறத்தாழ 0.1 மைக்ரோஹென்றி சேர்த்துவிடும். 80 மீட்டரில் அதை யாரும் கவனிக்கத் தேவையில்லை, 12 மீட்டரில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. வயருக்குப் பதில் அகலமான செப்புப் பட்டையைப் போடுவது நல்லது.

பதில் (சென்னை)

சோக்கை முழுவதும் மாற்ற வேண்டாம். கருகிய மேல்முனைச் சுற்றுகளை எடுத்துவிட்டு, சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஷார்ட் செய்து பாருங்கள். சுற்றுகள் குறையக் குறைய டிப் மேலே நகரும். 24.99க்கும் 28.0 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவே நமக்கு வேலையில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது, டிப்பை 26.3 பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். சோக் 88 மைக்ரோஹென்றி அளவுக்கு இறங்கினாலும் 80 மீட்டரின் அடிமட்டத்தில் 1900 ஓமுக்கு மேல் ரியாக்டன்ஸ் இருக்கும். அதற்கு ஈடாக டியூன் கண்டென்சரை இன்னும் 23 பைக்கோஃபாரட் மூட வேண்டிவரும், அவ்வளவுதான். ஆனால் டிப் நகரும்போது மற்ற டிப்புகளும் கூடவே நகரும் என்பதால், எல்லாப் பேண்டுகளையும் மறுபடி ஒருமுறை தேடிவிட்டே எச்டியைக் கொடுங்கள்.

பதில் (மதுரை)

டிரான்சீவர் பவரைக் குறைப்பது பற்றி யாரும் எழுதவில்லை. புதிய இரண்டு பேண்டுகளுக்கும் உள்ளீட்டுப் பக்கம் பை சர்க்யூட் (இம்பீடன்ஸைப் பொருத்தும் காயில்-கண்டென்சர் அமைப்பு) போட்டீர்களா? இரண்டு 811ஏயின் ஃபிலமென்ட் பக்க இம்பீடன்ஸ் சுமார் 160 ஓம். நேரடியாகக் கொடுத்தால் எஸ்டபிள்யூஆர் (பொருத்தம் எவ்வளவு தவறுகிறது என்று காட்டும் விகிதம்) 3க்கு மேல் போய்விடும், இன்றைய டிரான்சீவர் எதுவும் அதைப் பொறுத்துக்கொள்ளாது. 12 மீட்டருக்கு 0.56 மைக்ரோஹென்றி, டிரான்சீவர் பக்கம் 96 பைக்கோஃபாரட், ஃபிலமென்ட் பக்கம் 80 பைக்கோஃபாரட் என்று தொடங்குங்கள். 17 மீட்டருக்கு அதே வரிசையில் 0.77, 132, 110. ஃபிலமென்ட் பக்க அளவில் வால்வுகளே 12 பைக்கோஃபாரட் கொடுத்துவிடும் என்பதால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தச் சர்க்யூட்டிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் கோஆக்ஸ் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு நல்லது.

பிளேட் கேப்பில் இருக்கும் பாராசிட்டிக் சப்ரசர்களையும் (வேண்டாத ஆசிலேஷனை அடக்கும் காயில்-ரெசிஸ்டர் இணைப்பு) பாருங்கள். அலைவரிசை ஏற ஏற அதன் சிறு காயிலில் வோல்டேஜ் கூடி, இணையாக இருக்கும் ரெசிஸ்டர் சூடாகும். நிறம் மாறினால் காயிலில் ஒரு சுற்றைக் குறையுங்கள். ஆனால் சப்ரசரையே எடுத்துவிடாதீர்கள், 811ஏ தானாக ஆசிலேட் ஆகக்கூடிய வால்வு.

மீண்டும் கேட்டவர்

ஐயா, மூவர் சொன்னதையும் செய்து முடித்தேன். உள்ளீட்டில் 17, 12 மீட்டருக்கு ஒன்றுமே இல்லாமல்தான் இருந்தது. இப்போது எஸ்டபிள்யூஆர் இரண்டிலும் 1.5க்குள் இருக்கிறது. சோக்கின் டிப் 26.4இல் நிற்கிறது. 17 மீட்டரில் 225 வாட், 12 மீட்டரில் 205 வாட் வருகிறது. நீண்ட நேரம் கேரியர் கொடுத்து அணைத்தபின்னும், மேலே சொன்னபடி டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொட்டால், சோக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. சப்ரசர் ரெசிஸ்டர் மட்டும் லேசாகச் சூடாகிறது, நிறம் மாறவில்லை. 12 மீட்டர் நிலையிலேயே 10 மீட்டரையும் ஓட்ட முடியுமா?

பதில் (கோயம்புத்தூர்)

அந்த நிலையில் முடியாது. 1.2 மைக்ரோஹென்றியோடு 10 மீட்டரின் 28.5 மெகாஹெர்ட்ஸில் ரெசொனன்ஸ் ஆக உங்களிடம் இருப்பதைவிடக் குறைந்த கபாசிட்டன்ஸ் வேண்டும். 0.93 மைக்ரோஹென்றியில் தனி டேப் எடுத்தால் கியூ 15 பக்கம் நிற்கும், பவர் சற்றுக் குறைந்தாலும் ஓடும். டேப் எடுப்பதற்கு முன் சோக்கை 28.0 முதல் 29.7 வரை மறுபடி தேடிப் பாருங்கள். சப்ரசரை ஒரு சுற்று குறைக்க வேண்டிய இடமும் அநேகமாக அந்தப் பேண்டுதான்.