ஒரே பாஸ்வேர்டின் வாலை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன், போதாதா?

வழிப்போக்கன்:
வணக்கம். மறந்தே போன ஒரு பழைய தளத்தின் பாஸ்வேர்டு கசிந்துவிட்டதாகப் பிரவுசர் எச்சரிக்கை காட்டுகிறது. அந்தத் தளம் போனால் போகட்டும். ஆனால் மெயில், வங்கி, ஷாப்பிங் எல்லாவற்றிலும் அதே அடிச்சொல்தான். கடைசியில் தளத்தின் பெயரில் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் மாறும். அச்சு அசலாக ஒன்றில்லையே, இது போதாதா? பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியைப் போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைப்பதுதான் இன்னும் ஆபத்தாகத் தோன்றுகிறது.

தாழ்ப்பாள்:
போதாது. கசிந்த மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் யாரும் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பதில்லை. நிரல்கள்தான் அவற்றை மற்றத் தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கின்றன. எண்ணை மாற்றுவது, கடைசியில் ஆச்சரியக்குறி சேர்ப்பது எல்லாம் அவற்றுக்கும் அத்துப்படி. உங்களுடைய இன்னொரு தளமும் கசிந்தால் சூத்திரமே வெளியே வந்துவிடும்.

விவரம் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். 2012-இல் வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டுகளை வைத்து, இணையத்தில் கோப்பு சேமிக்கும் சேவையான டிராப்பாக்ஸின் கணக்குகளில் நுழைந்தார்கள். திருடப்பட்ட பாஸ்வேர்டு ஒன்றால் அந்த நிறுவன ஊழியர் ஒருவரின் கணக்கும் திறந்துகொண்டது. பயனர்களின் மெயில் முகவரிகள் இருந்த ஆவணம் அதற்குள் இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போய்ச் சலித்து விட்டுவிடாதீர்கள். மெயிலை மட்டும் இன்றே மாற்றுங்கள். மற்றத் தளங்களின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' இணைப்பு அங்கேதானே வரும்? மாற்றியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்துவிட்டு, தெரியாத முகவரிக்கு மெயில் ஃபார்வர்டு ஆகிறதா, மீட்பு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உள்ளே புகுந்தவர் அப்படி ஒரு ஃபார்வர்டு வைத்திருந்தால் புது பாஸ்வேர்டு போட்டும் பயனில்லை. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். அப்புறம் வங்கி, கார்டு சேமித்த தளங்கள். மற்றவற்றை அடுத்த முறை லாகின் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீலக்குடை:
ஒரே இடம் என்ற பயம் நியாயமானதுதான். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரிலிருந்து, பயனர்கள் பாஸ்வேர்டுகளைச் சேமித்திருந்த பெட்டகங்களின் நகல்களையே எடுத்துப் போனார்கள். தள முகவரிகள் அப்படியே இருந்தன. பயனர் பெயர்கள், பாஸ்வேர்டுகள் போன்றவை மாஸ்டர் பாஸ்வேர்டால், அதாவது பெட்டகத்தைத் திறக்கும் ஒரே பாஸ்வேர்டால், குறியாக்கப்பட்டிருந்தன. ஆகவே மாஸ்டர் எவ்வளவு வலுவானதோ அவ்வளவுதான் பாதுகாப்பு. எண்ணிட்ட சொற்பட்டியலிலிருந்து தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைப் பகடை உருட்டித் தேர்ந்தெடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாட்டு வரி வேண்டாம். இணையத்தில் வைக்கவே பிடிக்கவில்லை என்றால் கீபாஸ்எக்ஸ்சி என்ற மேனேஜர் இருக்கிறது, இலவசம். கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். காப்புப் பிரதி எடுப்பது உங்கள் பொறுப்பு. பல கருவிகளில் வேண்டுமென்றால் பிட்வார்டன் என்ற மேனேஜர்.

இன்னொரு லாபத்தை யாரும் சொல்வதில்லை. வங்கித் தளம் போலவே ஒரு போலிப் பக்கம் வந்தால் நம் கண் ஏமாறும். மேனேஜர் முகவரியைப் பார்ப்பதால் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லை என்றால், தட்டச்சு செய்யாமல் முகவரியை ஒருமுறை பாருங்கள்.

கைவிளக்கு:
மேனேஜர் பிடிக்காவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள், கிண்டல் இல்லை. தளத்துக்கு ஒன்று என்று வேறுவேறாக இருந்தால் சரி.

வழிப்போக்கன்:
நன்றி. மெயிலை மாற்றிவிட்டேன், ஃபார்வர்டு எதுவும் இல்லை. பிட்வார்டன் போடப் போகிறேன். மாஸ்டரையே மறந்துவிட்டால்? பிரவுசரில் சேமித்தவற்றை அப்படியே கொண்டுபோக முடியுமா?

நீலக்குடை:
பெரும்பாலான மேனேஜர்களில் மறந்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. அதனால் மாஸ்டரைத் தாளில் எழுதி, முக்கியமான பத்திரங்களோடு வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குத் தரும் மீட்புக் குறியீட்டையும் அதே தாளில் எழுதலாம். பிரவுசரிலிருந்து சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக எடுத்து மேனேஜரில் இறக்குமதி செய்யலாம். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகள் வெறும் எழுத்தாகவே இருக்கும். வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.