பழைய லேசர்ஜெட் சீரிஸ் 2: தமிழ்ப் பக்கம் பாதியில் நிற்கிறது, 20 எர்ரர் வருகிறது. உதவி தேவை

செங்காங்வாசி:

வணக்கம். என் மாமா சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் தட்டச்சுக் கடை வைத்திருந்தவர். கடையை மூடியதும் அவருடைய எச்பி லேசர்ஜெட் சீரிஸ் 2 பிரிண்டரும், விண்டோஸ் 3.1 போட்ட 486 கணினியும் என் வீட்டுக்கு வந்துவிட்டன. பிரிண்டர் 1987-இல் வெளிவந்த மாடல்.

லேசர் பிரிண்டர்களில் இவ்வளவு பழையதை நான் தொட்டதே இல்லை. ஒரே ஆளாகத் தூக்கவே முடியாது. ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே ஃபேன் ஓடும் சத்தம், கொஞ்ச நேரத்தில் சூடாகித் தயாராகிவிடுகிறது. அச்சடித்த தாள் கவிழ்ந்தபடி வந்து விழுவதால் பக்கங்கள் தாமாகவே வரிசையில் சேர்கின்றன. எழுத்தின் ஓரங்கள் அவ்வளவு கூர்மை. நிமிடத்துக்கு 8 பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி. அந்தக் காலத்தில் ஊசியால் குத்திக் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிடும் கடையில் இதைப் பார்த்தவர்கள் எப்படி வியந்திருப்பார்கள் என்று புரிகிறது.

பிரச்சினை இதுதான். ஆங்கிலக் கடிதம் முழுசாக வருகிறது. மாமா தமிழ் வகுப்புக்காகத் தட்டச்சு செய்து வைத்த பாடக்குறிப்புகளை அனுப்பினால் பக்கம் பாதிகூட வருவதில்லை. முன்பலகையில் 20 எர்ரர் என்று காட்டுகிறது. கன்டின்யூ பொத்தானை அழுத்தினால் வந்த வரைக்கும் ஒரு தாளில், மீதி அடுத்த தாளில். கேபிள் மாற்றியும் அதே கதை. சில சமயம் தாள் சுருண்டு சிக்கிக்கொண்டு, பலகையில் 13 என்று காட்டுவதும் உண்டு.

பொங்கோல் பிரியன்:

புதுசாக ஒரு கறுப்பு வெள்ளை லேசர் வாங்கிவிடலாமே? மெனக்கெடல் மிச்சம்.

செங்காங்வாசி:

வாங்கலாம்தான். ஆனால் மாமா அந்தக் குறிப்புகளைப் பக்க அமைப்போடு இந்த இயந்திரத்துக்கென்றே செய்து வைத்திருக்கிறார். அவர் கண்ட மாதிரியே ஒரு படி எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான்.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்:

தம்பி, பிரிண்டர் கெட்டுப்போகவில்லை. 20 என்றால் மெமரி நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

டாட் மேட்ரிக்ஸ் ஒரு வரி அடிக்கும், அடுத்த வரி வரும்வரை சும்மா நிற்கும். லேசரால் அப்படி நிற்க முடியாது. பக்கத்தின் உருவம் பதியும் டிரம் என்ற உருளையும் தாளும் ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். நடுவில் நின்றால் பக்கம் பாழ். அதனால் தாள் நகரத் தொடங்கும் முன்பே பக்கத்துக்கு வேண்டியது எல்லாம் பிரிண்டருக்குள் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளில் 300 புள்ளி வீதம் அகலத்தில் 2,480, நீளத்தில் 3,508 புள்ளிகள். பெருக்கினால் 87 லட்சம். 8 புள்ளிக்கு ஒரு பைட் என்றால் கிட்டத்தட்ட 1 எம்பி. உங்கள் பிரிண்டரில் கூடுதல் மெமரி போர்டு இல்லாவிட்டால் இருப்பது 512 கேபி, அதாவது அரை எம்பி. அதிலும் ஒரு பங்கைத் தன் வேலைக்கு அதுவே வைத்துக்கொள்ளும். பாதிப் பக்கம்கூட வராததற்குக் காரணம் இதுதான். 1984-இல் 3,495 அமெரிக்க டாலருக்கு வந்த முதல் லேசர்ஜெட்டில் வெறும் 128 கேபிதான். 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரில் 1.5 எம்பி வைத்திருந்தார்கள், விலையும் அதற்கேற்ப இரண்டு மடங்கு.

ஆங்கிலம் ஏன் முழுசாக வருகிறது? கூரியர் எழுத்துரு பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது. கணினி எந்த எழுத்து, எந்த இடம் என்று மட்டும் சொன்னால் போதும். உங்கள் தமிழ்ப் பக்கம் ஒரு முழுப் படமாகப் போகிறது.

தாள் சுருள்வதற்கு நம்ம ஊர் ஈரக்காற்றுதான் காரணம். பிரித்த ரீமை டிரேயிலேயே விட்டுவைத்தால் தாள் ஈரம் குடித்துவிடும். மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் உருளை கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் அழுத்தும்போது அந்த ஈரம் சட்டென்று வெளியேறித் தாள் வளையும். அன்றன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வையுங்கள், மீதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அப்புறம், தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழவழவென்று ஆகியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மினுமினுப்பு போகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். அடைத்த அறையில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு நிறையப் பக்கம் அடிக்காதீர்கள். உள்ளே மின்னேற்றம் கொடுக்கும் கொரோனா கம்பி ஓசோன் வாயுவை விடும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தெம்பனிஸ் தமிழ்:

அண்ணன் சொன்னது சரி. தமிழ் படமாகப் போகிறது என்றால் விண்டோஸ் 3.1-இல் பிரிண்டரோடு பேசும் மென்பொருளான டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் பிரிண்டர்ஸ், அதில் செட்டப், அதற்குள் ஆப்ஷன்ஸ். அங்கே ட்ரூடைப் என்ற வகை எழுத்துருக்களைக் கிராஃபிக்ஸாக, அதாவது படமாக, அச்சிடச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்போது டிரைவர் பக்கத்தில் வரும் தமிழ் எழுத்துகளை மட்டும் புள்ளி வடிவங்களாக்கி ஒருமுறை பிரிண்டருக்குள் இறக்கிவிடும். ‘க’ நூறு இடத்தில் வந்தாலும் வடிவம் ஒன்றுதான் இடம் பிடிக்கும்.

அது சரிப்படாவிட்டால் ரெசல்யூஷனை, அதாவது அங்குலத்துக்கான புள்ளிகளை, 150 ஆக்குங்கள். பக்கம் நாலில் ஒரு பங்கு மெமரியில் அடங்கும், ஆனால் சுழிகள் பல்லிளிக்கும். ‘ண’, ‘ணை’ மாதிரி எழுத்துகளுக்கு அது கொடுமை. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்த எழுத்துருக் கோப்பைப் பத்திரமாகப் படி எடுத்து வையுங்கள். 1997-இல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு இங்கே சிங்கப்பூரில் கூடியபோது பேசிய முக்கியமான விஷயமே, தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்க ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்ததுதான். எழுத்துரு தொலைந்தால் குறிப்புகள் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். இப்போது எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவதற்கும் அது என்ன எழுத்துரு என்று தெரிந்தாக வேண்டும்.

செங்காங்வாசி:

அந்தக் கட்டத்தில் குறி இருந்தது! எடுத்துவிட்டேன். முழுப் பக்கமும் 300 புள்ளியிலேயே வந்துவிட்டது. ‘ஸ்ரீ’கூட அத்தனை சுத்தம். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எழுத்துருவைப் பென்டிரைவ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். பெரிய எழுத்தில் தலைப்பும் பூ வேலைப்பாடு போட்ட பார்டரும் இருக்கும் அட்டைப் பக்கத்துக்கு மட்டும் இன்னமும் 20 வருகிறது.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்:

பார்டர் படம்தானே, அது பக்கம் முழுக்கச் சுற்றி வருவதால் மெமரி தின்னும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் 150-இல் அடியுங்கள், பெரிய எழுத்துக்கு அவ்வளவாகக் குறை தெரியாது. பிரிண்டர் தன்னைத்தானே சோதித்து அடிக்கும் செல்ஃப் டெஸ்ட் தாள் ஒன்று எடுத்தால் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று அதிலேயே அச்சாகும். 512 என்று வந்தால், இந்த மாடலுக்கான 1 எம்பி மெமரி போர்டு பழைய சாமான் விற்பவர்களிடம் கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். போடும் முன் பவர் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.