நஸ்டர்ஷியம்: ‘காரத்தாமரை’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நஸ்டர்ஷியம் என்ற தோட்டப் பூங்கொடிக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘மூக்குத்திருகி’ என்று பரிந்துரைத்த ஐயா அந்தப் பெயரின் லத்தீன் வேரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி என்பதுதான் அதன் பொருள். ஆனால் நஸ்டர்ஷியம் என்பது இந்தச் செடியின் சொந்தப் பெயர் இல்லை. லத்தீனில் அது ஒரு காரக் கீரையின் பெயர். ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து இந்தக் கொடி ஐரோப்பாவுக்குப் போனபோது, ருசி ஒத்திருந்ததால் அதையே இதற்கும் வைத்துவிட்டார்கள். இன்றும் தாவரவியலில் நஸ்டர்ஷியம் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வாட்டர்கிரெஸ் என்கிற ஓடைக்கீரையுடையது. இரவல் பெயரை மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பமும் தமிழுக்கு வந்துவிடும்.

இன்னொரு பரிந்துரையான ‘கேடயப்பூ’ நல்ல யோசனை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை டிரோபியோலம் மேஜஸ் என்ற அறிவியல் பெயரில் பதிவுசெய்தார். போரில் வென்றவர்கள் கம்பத்தில் மாட்டும் கேடயம் போல இலை, ரத்தம் தோய்ந்த தலைக்கவசம் போலப் பூ என்பது அந்தப் பெயருக்குள் இருக்கும் படம். அப்படிப் பார்த்தால் கேடயம் இலைதானே, பூ இல்லையே! ‘கேடயக்கொடி’ என்று மாற்றிப் பேரினத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுத்தோட்டத்தில் சொல்லிப் பழக ‘காரத்தாமரை’ என்பது என் பரிந்துரை. குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் வருஷாவருஷம் இதை விதைக்கிறேன். பட்டாணி அளவில் சுருங்கிப்போன விதை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, வெளிச்சம் படாதபடி ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் பத்து நாளில் முளை தெரியும். முதலில் விரியும் இலையே சின்னக் காசு போல வட்டமாக, நடுவில் காம்பு ஒட்டி, அசல் தாமரை இலையாக நிற்கும். பூவாளியால் தண்ணீர் விட்டால் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறோமே, அதேதான். முதல் வருஷம் ஆசையாகச் சாணி எரு நிறையப் போட்டேன். இலையாகத் தள்ளியதே தவிர, பூ நாலைந்துதான். சத்துக் குறைந்த மண்ணில்தான் இது நன்றாகப் பூக்கும்.

‘தாமரை இல்லாததைத் தாமரை என்பதா?’ என்று கேட்கலாம். ஓரிதழ்த்தாமரையும் ஆகாயத்தாமரையும் தாமரையா என்ன? ஒப்புமையால் பெயர் வைப்பது நம் வழக்கம்தான்.

அப்புறம், காரம். இலையைக் கடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது, இரண்டு நொடி கழித்து மூக்கில் ஏறும். பப்பாளி விதையைக் கடித்தவர்களுக்கு அந்த நெடி தெரிந்திருக்கும். பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும். கடுகு, முருங்கை, பப்பாளி, இது எல்லாமே தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. வேதியியலில் காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது என்று ஒருவர் தனிமடலில் எச்சரித்தார். நியாயமான கவலைதான், ஆனால் காரச்சட்னி என்றால் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். நாம் விதை என்று ஊன்றுவது உண்மையில் மூன்றாகப் பிரிந்த காயின் ஒரு பகுதி. கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்கிறோமே, அந்தப் பாதி போல. அந்தப் பகுதிக்குக் ‘கனித்துண்டு’ என்ற சொல் எனக்கு நிறைவாக இல்லை, கத்தியால் நறுக்கியது போலத் தொனிக்கிறது. தானாகப் பிரிவது தெரிகிற மாதிரி ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள்.